காய்ச்சல் இல்லாத விண்ணப்பம்

ஜூன் 3

பல வருடங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் விடுப்புக் கடிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று எழுதி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து பேச்சித்தாய் எழுந்து நின்றாள்.

“டீச்சர், எனக்குக் காய்ச்சல் இல்ல. ஆத்துல வெள்ளம் வந்திருக்கு, பாக்கப் போணும். அதுக்கு எப்படி எழுத?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். “காய்ச்சல்னே எழுது” என்றேன். அவளும் எழுதினாள்.

இன்று அவள் ஞாபகம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற வயலட் டீச்சராகிய நான், இன்று ஓர் ஆங்கிலச் சான்றிதழுக்கான மாதிரித் தேர்வில் ஐந்துக்கு ஒன்றரை வாங்கினேன்.

ப்ரொபோசல் என்று ஒரு கேள்வி. முன்மொழிவு. ஒரு நகராட்சியிடம் காலிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. இளைஞர்களுக்கு இப்போது என்ன குறை, அந்தக் கட்டடத்தை என்ன செய்யலாம், செய்தால் என்ன நன்மை, எழுதுக. எனக்கா தெரியாது? ‘ரெஸ்பெக்டெட் சார்’ என்று தொடங்கினேன். ‘மிகவும் தாழ்மையுடன் வேண்டுகிறேன்’ என்று ஆங்கிலத்தில் வளைந்தேன். ‘தங்கள் கருணைக்கு என்றும் கடமைப்பட்டிருப்பேன்’ என்று தரையில் விழுந்து முடித்தேன்.

பயிற்சி நிலையத்தில் பாடம் எடுப்பவள் மேலப்பாளையத்துப் பெண், ஆஃப்ரின். என் கடைசி பேட்ச் மாணவிகளைவிட இரண்டு வயது மூத்திருப்பாள். என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தாள்.

“டீச்சர், உங்களுக்கு மார்க் போட எனக்கே கை கூசுது. ஆனா இது ப்ரொபோசல் இல்ல. திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கிற மனு.”

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். ‘அப்படியா, சொல்லு சொல்லு’ என்று பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தேன்.

எதற்கு இந்தத் தேர்வு? என்னோடு வேலை பார்த்த ரெஜினா இப்போது மாலத்தீவில் இருக்கிறாள். ஹோட்டல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் ஓர் இடம். இன்னொரு டீச்சர் வேண்டுமாம், பத்து மாதத்துக்கு. வயது பரவாயில்லை, ஆனால் இந்தத் தேர்வின் சான்றிதழ் வேண்டும். “தங்க வீடு தாராங்க. ஒரே குறை, ஃபேன் ரிப்பேர் ஆனா பாக்க ஆள் இல்ல” என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு படம். கடல், சொட்டுநீலம் கரைத்த வாளி மாதிரி இருக்கிறது. அந்தப் படத்தை அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். சும்மாதான்.

போவதாக ஒன்றும் முடிவு செய்யவில்லை. எழுதிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். அதனால் வீட்டில் அத்தானிடம் சொல்லவில்லை. இடது முட்டி வலிக்கிறது, பிசியோதெரபிக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 4

முடக்கத்தான் தோசை.

ஜூன் 5

முடக்கத்தான் தோசை. மூட்டுவலிக்கு அதைவிட மருந்து இல்லை என்று அத்தான் விடியுமுன்னே போய் வேலியில் கீரை பறித்து வந்து, தானே அரைத்தும் விட்டார். மின்வாரியத்தில் வேலை பார்த்த மனிதர். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் மிக்சியைப் பல தடவை பிரித்து மாட்டியிருக்கிறாரே தவிர, அதில் எதையும் போட்டு அரைத்ததில்லை.

தோசை லேசாகக் கசந்தது. “நல்லாருக்கு அத்தான்” என்றேன்.

ஜூன் 9

இரண்டாவது முன்மொழிவு. இந்தத் தடவை ‘ரெஸ்பெக்டெட் சார்’ போடவில்லை. தலைப்பு போட்டேன், பத்திக்குப் பத்தி சிறு தலைப்பும் போட்டேன். பெருமையோடு நீட்டினேன்.

“டீச்சர், பக்கம் பூரா அழுதிருக்கீங்க” என்றாள் ஆஃப்ரின். “பஸ் இல்ல, லைட் இல்ல, மைதானத்துல முள்ளு, பிள்ளைங்க பாவம்... எல்லாம் சரி. நகராட்சி என்ன செய்யணும்? அது கடைசில ஒரே வரி. ‘ஆவன செய்ய வேண்டும்.’ என்னத்த ஆவன?”

யோசித்துப் பார்த்தேன். நான் மீன்காரரிடம் பேசுவதும் இப்படித்தான். போன வாரம் சாளை நைந்து போயிருந்தது, அதற்கு முந்தின வாரம் எடை குறைவு, நேற்று நீங்கள் வரவே இல்லை என்று வாசலில் நின்று அவரைப் பிழிந்து எடுத்துவிட்டு, “சரி, ஒரு கிலோ போடுங்க” என்று முடிப்பேன். அவர் வழக்கம்போல நைந்த சாளையைப் போடுவார். ‘நாளையிலிருந்து ஏழு மணிக்குள் வந்தால் வாரம் முழுக்க உங்களிடமே வாங்குகிறேன்’ என்று சொல்லியிருக்கிறேனா? இல்லை. இப்போதுள்ள நிலையைச் சொல்ல இரண்டு மூன்று வாக்கியம் போதும். மிச்ச இடமெல்லாம் என்ன செய்யலாம் என்பதற்கு.

வகுப்பில் நர்சுகள்தான் அதிகம். எல்லோரும் என்னை ஆன்ட்டி என்கிறார்கள். தலைக்குமேல் ஃபேன் சுற்றுகிறதா, கல் உடைக்கிறதா தெரியவில்லை, அவ்வளவு சத்தம். நாளைக்கு ஆள் வருவார் என்றாள் ஆஃப்ரின்.

ஜூன் 11

இன்று ஃபேன் பூனை மாதிரி சுற்றியது. நேற்று வகுப்பு நடக்கும்போதே ஒருவர் வந்து படியில் நின்று பார்த்துவிட்டுப் போனாராம். மதியம் ஆளில்லாத நேரத்தில் திரும்ப வந்து சரிசெய்து கொடுத்துவிட்டு, காசு வாங்காமல் போய்விட்டாராம்.

“ரொம்ப நல்ல மனுஷர் டீச்சர்” என்று சொல்லிவிட்டு ஆஃப்ரின் ஏனோ என்னையே பார்த்தாள்.

இந்தக் காலத்திலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள் என்பது மனதுக்கு ஆறுதல். அத்தானிடம் சொல்லி, பாருங்கள், உங்களைப் போல இன்னொருவர் என்று கேலி செய்ய நாக்கு துறுதுறுத்தது. எங்கே பார்த்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 14

முடக்கத்தான் தோசையோடு அத்தானின் அக்கா எலிசா மைனியும் வந்து சேர்ந்தாள். தைலம், கிழி கட்டத் துணி, ஒரு மூட்டை நொச்சி இலை.

“எந்தக் காலு பிள்ள?”

“இடது, மைனி.”

“பெறகு ஏன் வலதப் புடிச்சிட்டு உக்காருத?”

வலது முட்டியிலிருந்து கையை எடுத்தேன். “இடதுல வலி கூடி, வலதையும் எட்டிப் பாக்கு மைனி.”

“இது என்ன வலியா, பக்கத்து வீட்டுக்காரியா, எட்டிப் பாக்கதுக்கு?”

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தானுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் பிடித்துக்கொண்டது. பேப்பருக்குப் பின்னால் தோள் குலுங்கக் குலுங்க இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம், சுக்கு தட்டிக் கொடுக்க வேண்டும்.

மைனி இரண்டு முட்டியிலும் தைலம் தேய்த்துவிட்டுத்தான் போனாள். வகுப்பில் நான் போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த நர்சுப் பெண் தும்மினாள்.

ஜூன் 18

மனப்பாடம் செய்த வாக்கியங்களை இன்று ஆஃப்ரின் பிடுங்கி எறிந்தாள். ‘இந்த நவீன உலகில்’, ‘நாணயத்துக்கு இரண்டு பக்கங்கள் உண்டு’, ‘சொல்லத் தேவையில்லை’. சொல்லத் தேவையில்லை என்றால் ஏன் சொல்கிறோம் என்று கேட்டாள்.

பக்கத்திலிருந்த பிள்ளைகளுக்கு நான் ஓர் உதாரணம் சொன்னேன். பழக்கம் விடாது. கல்யாணப் பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து’ என்று இருக்கும். அது எந்தக் கல்யாணத்துக்கும் பொருந்தும். பெயரை மாற்றினால் போதும். ஆனால் சாப்பாடு பிரியாணியா சைவமா, பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கும் என்பதுதான் போகிறவனுக்கு வேண்டியது. திருத்துகிறவரும் அப்படித்தான். இந்தக் கல்யாணத்தைப் பற்றிச் சொல் என்கிறார்.

“ஆன்ட்டி, நீங்களே க்ளாஸ் எடுங்களேன்” என்றார்கள். “ஒன்றரை வாங்கினவ எடுக்கக் கூடாது” என்றேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

பென்ஷன் ஆபீசுக்குப் போன அத்தான் ஈரத்தலையோடு திரும்பினார். கண் சிவந்திருந்தது. “வேர்வை” என்றார். சட்டையில் பிளீச்சிங் பவுடர் வாடை. ரோட்டில் தூவியிருப்பார்கள் போல. இந்த வாரம் தினமும் பென்ஷன் ஆபீஸ். ஓய்வு பெற்றவர்களை இப்படியா அலைக்கழிப்பது?

ஜூன் 24

மூன்று! ஐந்துக்கு மூன்று!

ஐந்துமே முழுதாக வந்திருக்கும். மூன்று விஷயம் கேட்டிருந்தார்கள். நான் இரண்டை மட்டும் விரிவாக எழுதி, மூன்றாவதை மறந்தேபோனேன். உப்பு, புளி, தீப்பெட்டி வாங்கிவரச் சொன்னால் உப்பை மட்டும் இரண்டு பொட்டலமாக வாங்கி வருகிற கதை. இனிமேல் கேள்வியில் ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டுவிட்டுத்தான் பேனாவைத் தாளில் வைப்பேன்.

கீழே பேக்கரியில் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். ரோட்டில் அத்தானின் ஸ்கூட்டர் மாதிரியே ஒன்று போனது. சட்டென்று நொண்டினேன். எந்தக் கால் என்று யோசிக்க நேரமில்லை.

ஜூன் 28

வீட்டுக்குப் போலீஸ் வந்தது.

அத்தான் இல்லை. நான்தான் கதவைத் திறந்தேன். மீசை வைத்த கான்ஸ்டபிள், மரியாதையாகத்தான் பேசினார்.

“ஆசீர் சார் வீடுதான? இங்கதான் இருக்காரா? எவ்வளவு வருசமா?”

“வீடு கட்டினதுலருந்து இங்கதான். என்ன விஷயம் சார்?”

“ஒண்ணும் இல்லம்மா. மேல ஏதாவது கேஸ் கீஸ் உண்டா?”

“கேஸா! ஒரு ஈ எறும்பு மேல கூட...”

“சரி சரி. சார் வந்தா ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க.” எதிர்வீட்டிலும் விசாரித்துவிட்டுப் போனார்.

எனக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் தெருவிளக்கு எரியவில்லை என்று இவரே ஏணி வைத்து ஏறி மாட்டினார். அனுமதியில்லாமல் கம்பத்தில் ஏறினார் என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். வந்ததும் கேட்டேன்.

“ஆங்... அதேதான். லைட்டு விசயம். நான் பாத்துக்கிடுதேன்” என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். ஏற்கெனவே தலை ஈரமாக இருந்தது.

இந்த நிலைமையில் இவரைத் தனியே விட்டுவிட்டு ஒரு தீவுக்குப் போவதாவது. நான்தான் போகப்போவதில்லையே. சும்மா எழுதிப் பார்க்கிறேன்.

ஜூலை 2

இன்று ஆஃப்ரின் கேட்டது: “டீச்சர், நீங்க எழுதுறத யாரு படிக்கப் போறாங்க? அவங்களுக்கு இதுல என்ன கிடைக்கும்? அந்தப் பத்தியே உங்க பேப்பர்ல வர மாட்டேங்குது. உங்களுக்கு ஏன் வேணும்னு மட்டுமே இருக்கு. வீட்டுல இருக்கிற ஒருத்தருக்கு நிஜமாவே ஒரு ப்ரொபோசல் எழுதிக் குடுத்துட்டு வாங்க.”

வீட்டில் இருக்கிற ஒருவர் அத்தான்தான். தெருவில் செத்த ஃபேன் எல்லாம் எங்கள் சாப்பாட்டு மேசைக்குத்தான் வரும். அங்கேதான் பிரித்துப் போடுவார். அதைப் பற்றி எழுதினேன். நோக்கம்: சாப்பாட்டு மேசையைச் சாப்பாட்டுக்குத் திரும்பப் பெறுவது. நிலைமை: போன ஞாயிற்றுக்கிழமை புளிக்குழம்பில் ஒரு திருகாணி. பரிந்துரை: பின்னறையில் ஜன்னலோரமாக ஒரு பழைய பெஞ்சைப் போட்டு வேலை மேசையாக்குவது. பலன்: வெளிச்சம் உண்டு, பாதி வேலையில் எழுந்து யாருக்கும் இடம் விட வேண்டியதில்லை, போட்டது போட்டபடி கிடக்கலாம்.

சர்ச்சில் பெண்கள் சங்கத்துப் போட்டி என்று சொல்லிக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“நல்ல யோசனைலா. இத ஏன் இவ்வளவு நாளா சொல்லல?”

“வந்த நாள்லருந்து சொல்லுதேனே அத்தான்!”

“எங்க சொன்ன? தூசின்ன. தும்மல்ன்ன. மூச்சு முட்டுதுன்ன. தும்மலுக்கு மாத்திர வாங்கித் தந்தேன். மூச்சுக்கு ஆவி பிடிக்க சட்டி வாங்கித் தந்தேன். மேசைய ஒழிச்சுத் தாங்கன்னு நீ ஒரு நாளும் கேக்கல வயலட்டு.”

பொழுது சாயுமுன் பெஞ்ச் பின்னறைக்குப் போய்விட்டது. மேசையைத் துடைத்தேன். இத்தனை வருடமும் நான் காய்ச்சலைச் சொன்னேன். அவரும் குறை வைக்காமல் காய்ச்சலுக்கு மருந்து பார்த்திருக்கிறார்.

ஜூலை 3

வீட்டுப்பாடத்துக்கு ஆஃப்ரின் நாலு போட்டாள். நாலு! ஊரில் யாருக்கு என்ன முன்மொழியலாம் என்று வரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். பஸ் ஸ்டாண்ட் கடிகாரத்துக்கு ஒன்று எழுதலாம். பாடகர் குழுவில் தாளம் தப்பும் தாவீது சாருக்கு ஒன்று. சிரித்துக்கொண்டே நடந்ததில் எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஜூலை 5

பேரிடி. அத்தான் யார் யாரையோ பிடித்து, வண்ணார்பேட்டையில் பெரிய எலும்பு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார். “எல்லாரும் ரெண்டு மாசம் காத்துக் கெடக்காங்க. நமக்கு உடனே கிடைச்சிட்டு. பன்னெண்டாம் தேதி காலைல.”

பன்னிரண்டாம் தேதி காலையில் மதுரையில் எனக்குத் தேர்வு.

“வலி கொறஞ்ச மாதிரி இருக்கே அத்தான்” என்றேன்.

“கொறஞ்சா எதுல கொறஞ்சுது, இடதுலயா வலதுலயா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பின்னறைக்குப் போய்விட்டார். அங்கே மறுபடியும் அந்த இருமல்.

ஜூலை 8

தேர்வைவிட இது கஷ்டம். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். மனதுக்குள் எழுதிப் பார்த்தால் எப்படித் தொடங்கினாலும் மனுவாகவே வருகிறது. ‘வீட்டில் சும்மா இருந்து எனக்கு மூச்சு முட்டுகிறது’ என்றால் ஆவிச் சட்டியை எடுத்துவிடுவார். ‘மனசு சரியில்லை’ என்றால் பாஸ்டரைக் கூட்டி வந்துவிடுவார்.

போகப்போவதில்லை என்று மேலே பல இடத்தில் எழுதியிருக்கிறேன். புரட்டிப் பார்த்தேன். எழுதின எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஜூலை 9

சொல்லியே தீருவது என்று போய் நின்றேன். பல் வலி என்று சொன்னேன். கிராம்பு வாங்கி வந்தார்.

ஜூலை 10

சொல்லிவிட்டேன்.

காலையில் தட்டில் முடக்கத்தான் தோசை விழுந்தது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

“அத்தான், எனக்கு முட்டி வலி இல்ல.”

அவர் இன்னொரு தோசையை வைத்தார். “பல்லு?”

“பல்லும் வலிக்கல.”

“பெறகு?”

“எனக்கு மாலத்தீவுக்குப் போணும்.”

சொன்ன மாத்திரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஊஞ்சல் உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்குமே, அப்படி இருந்தது.

“எதுக்கு?”

“ஆசையா இருக்கு. அதான். பத்து மாசம் அங்க டீச்சர் வேல. நாளக்கழிச்சு மதுரைல பரீட்ச. பிசியோதெரபி எல்லாம் பொய்யி. தேறினா போணும்.”

அவர் மூன்றாவது தோசையை வைத்தார். நான் விடவில்லை. “நோக்கம் சொல்லிட்டேன். நிலைமையும் சொல்லிட்டேன். இனி பலன் சொல்லணும், உங்களுக்கு இதுல என்ன கெடைக்கும்னு. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் அத்தான், ஒண்ணும் வரல. நீங்க தனியா இருக்கணும். அந்த ஒரு எடம் மட்டும் காலியா கெடக்கு. அதான் இவ்வளவு நாளா கேக்கல.”

அத்தான் கை கழுவினார். பீரோவைத் திறந்தார். ஒரு சின்ன நீலப் புத்தகத்தைக் கொண்டுவந்து, துடைத்த மேசையில், என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். புத்தம்புதுப் பாஸ்போர்ட். உள்ளே அவர் படம், திருடனைப் போல முழித்துக்கொண்டு.

“இது...”

“லைட்டு மாட்டினதுக்கா வீட்டுக்குப் போலீஸ் வரும்?”

“அப்ப பென்ஷன் ஆபீஸ்?”

“பென்ஷன் ஆபீஸ்ல தலை நனையுற அளவுக்கு எங்கட்டி தண்ணி இருக்கு? நீச்சல் கத்துக்கிடுதேன். சின்னப் பிள்ளைங்க நீந்துற குளத்துல. எல்லாப் பயலும் என்னத் தாத்தாங்கான். சுத்தித் தண்ணியா இருக்க ஊர்ல, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

எப்போது தெரியும் என்று கையால் கேட்டேன்.

“ஃபேன் பாக்க வரச் சொன்னாங்க. வந்தா, முதல் பெஞ்சுல நீ. கையத் தூக்கிட்டு இருக்க. அந்தப் பிள்ள வேற யாரையோ கேக்குது, நீ பெஞ்ச விட்டே எந்திரிச்சிட்ட. அந்த மூஞ்சியப் பாத்து எவ்வளவு நாளாச்சு! நான் அப்படியே படில நின்னுட்டேன். பெறகு ஒம் போன்ல பாத்தா, அந்த நீலப் படமும் ரெஜினா எழுதினதும் எப்பவும் தொறந்தே கெடக்கு.”

“தெரிஞ்சும் டாக்டர்கிட்ட நேரம் வாங்கினீங்களா?”

“பரீட்ச அன்னிக்குத்தான்னு அந்தப் பிள்ள சொல்லிச்சு. பன்னெண்டாம் தேதின்னா சொல்லிருவன்னு பாத்தேன். பல்லுன்னுட்ட. கிராம்புக்குத்தான் செலவு.”

“தினமும் அந்தக் கசப்புத் தோச?”

“சும்மா வலிக்கின்னு சொன்னியே, சும்மா மருந்து.”

சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு கேட்டேன். “நானும் வாறேன்னு நீங்க ஏன் ஒரு வார்த்த சொல்லல?”

அவர் மேசையில் விரலால் கோடு இழுத்தார். “தனியாப் போணும்னு நெனச்சியோ என்னவோ. கேட்டா பாவம் பாத்து சரின்னுருவ. நெஞ்சு வலிக்கு, தனியா இருக்க முடியாதுன்னு சொல்லிப் பாப்பமான்னு இருந்தேன்.”

“நெஞ்சு வலியா!”

“அடுத்த வாரம் வரதா இருந்துச்சு.”

நான் எழுந்து நின்றேன். “எந்திரிங்க. நேரா நின்னு ஒழுங்காக் கேளுங்க.”

என் அத்தான், மூன்று மாவட்டத்துக்கு மின்சாரம் கொடுத்த மனிதர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றார்.

“எனக்கும் வரணும். ஒங்கூட.”

“காரணம்?”

“ஆசதான்.”

“பலன்?”

“அங்க ஃபேன் பாக்க ஆளு இல்லியாம்லா.”

ஜூலை 12

விடியுமுன் மதுரை பஸ். அத்தானும் வந்தார். வழியில் டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டு, “எங்க வீட்டுல அவளுக்குக் காய்ச்...” என்று தொடங்கியவர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். அந்த நேரத்த வேற யாருக்காவது குடுத்துருங்க” என்றார். அந்தப் பக்கம் ரொம்பச் சந்தோஷமாக நன்றி சொன்னார்கள்.

தேர்வு அறையில் ஒரு பெண் எழுந்து நின்று, “மேடம், எந்த எடத்துல உக்காரணும்?” என்று என்னிடம் கேட்டாள். “எனக்கும் அதுதான் தெரியல, வா தேடுவோம்” என்றேன்.

முன்மொழிவுக் கேள்வி வந்தது. ஒரு நிறுவனத்தில் ஊழியர்கள் ஓய்வெடுக்கும் அறையைச் சீர்செய்யப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள்; இப்போது என்ன குறை, என்ன மாற்றம் செய்யலாம், அதனால் நிறுவனத்துக்கு என்ன லாபம். கோடு போட்டேன், ஒன்று, இரண்டு, மூன்று. முதல் வரியிலேயே எதற்காக எழுதுகிறேன் என்று சொன்னேன். அழுகை இரண்டு வாக்கியத்தோடு சரி. பரிந்துரை இரண்டே இரண்டு, இரண்டுக்கும் காரணம். யாருக்கும் கடமைப்பட்டிருக்கவில்லை. இடம் தீர்ந்தபோது கூடுதல் தாள் கேட்கக் கையைப் பாதி தூக்கிவிட்டேன். சொன்ன அளவைத் தாண்டினால் அதுவும் தப்பு. தூக்கின கையால் தலையைக் கோதிக்கொண்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அத்தான். “எழுதிட்டியா?” என்று தூக்குச்சட்டியைத் திறந்தார். முடக்கத்தான் தோசை. பழகிவிட்டதாம், அவருக்கே பிடித்துவிட்டதாம்.

ஆகஸ்ட் 20

தேறிவிட்டேன். நல்ல மதிப்பெண். பேக்கரிக்காரர் பன் தீர்ந்துவிட்டது என்று கதவை இழுத்துச் சாத்தும்வரை வாங்கிக் கொடுத்தேன். அத்தானும் தேறிவிட்டார், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்தினாராம், பையன்கள் கைதட்டினார்களாம். ரெஜினா இரண்டு கட்டில் போட்ட வீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். அதில் ஃபேன் ஓடவில்லை.

எலிசா மைனி வந்து என் நடையைப் பார்த்தாள். “வலி?”

“போயிட்டு மைனி.”

“முடக்கத்தான்லா!” என்றவள், அங்கே கிடைக்காது என்று காயவைத்து இடித்த பொடி ஒரு டப்பா கொண்டுவந்திருக்கிறாள். பெட்டியில் முதலில் அதைத்தான் வைத்தேன்.

இந்த நாட்குறிப்பைத் தன் அடுத்த வகுப்பில் படித்துக்காட்டலாமா என்று ஆஃப்ரின் கேட்டாள். முதல் வாக்கியத்திலேயே கேட்டாள், சுற்றி வளைக்கவில்லை. சரி என்றேன்.

பேச்சித்தாய், நீ எங்கே இருக்கிறாயோ. உனக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய கடிதம் இது: ‘ஆற்றில் வெள்ளம் வந்திருக்கிறது. போய்ப் பார்க்க எனக்கு இன்று ஒரு நாள் விடுப்பு வேண்டும். நாளை வந்து வகுப்புக்கு அதைப் பற்றிச் சொல்கிறேன்.’

வகுப்பில் இதைக் கேட்கும் மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: இன்று உங்கள் வீட்டில் ஒருவரிடம், உங்களுக்கு வேண்டிய ஒன்றை, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், முதல் வரியிலேயே கேளுங்கள்.